லாயத்தில் ஒரு குளிர்காலம்

தென் துருவத்துக்குப் போய்த் திரும்பாத காப்டன் ஸ்காட்டின் கதையைப் படிக்கிறவர்கள் எல்லாரும் கடைசி அத்தியாயத்துக்கு ஓடிவிடுகிறார்கள். பனியில் ஒரு கூடாரம், உள்ளே மூன்று சடலங்கள், பக்கத்தில் டைரி. கண்ணீர் விட அதைவிடத் தோதான இடம் கிடையாதுதான். எனக்கென்னவோ அந்தப் புத்தகங்களைப் புரட்டும்போதெல்லாம் நடுவில் ஓரிடத்தில் கை நின்றுவிடுகிறது. 1911-ஆம் வருஷத்துக் குளிர்காலம் அது. அந்தத் தென்கோடியில் ஏப்ரல் 23-ந் தேதி அஸ்தமித்த சூரியன் மறுபடி ஆகஸ்டு மாதக் கடைசியில்தான் தலைகாட்டும். நாலு மாத இருட்டு. கேப் எவன்ஸ் என்ற முனையில் ஒரு மரவீடு. 50 அடி நீளம், 25 அடி அகலம். அதற்குள் 25 மனிதர்கள். வீட்டுச் சுவரை ஒட்டினாற்போல் ஒரு லாயம். லாயத்தில் பத்து மட்டக் குதிரைகள்.

இந்தக் கோஷ்டியோடு போன பாண்டிங் என்ற புகைப்படக்காரர் அந்த லாயத்தில் எடுத்த படம் ஒன்று இருக்கிறது. ஓர் அடுப்பு, அதன் அருகே இரண்டு பேர். ஒருவர் மியர்ஸ், மற்றவர் காப்டன் லாரன்ஸ் ஓட்ஸ். அந்தக் குதிரைகளை மஞ்சூரியாவில் போய் விலைக்கு வாங்கி வந்தவர் முதலாமவர். வாங்கி வந்ததைக் கட்டிக்கொண்டு அழுதவர் இரண்டாமவர். இரண்டு பேரும் ஒரே அடுப்பில் குளிர்காய்ந்துகொண்டிருக்கிறார்கள். பெரிய சண்டைகளுக்குக் காரணமான மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் இப்படிச் சமாதானமாக உட்கார்ந்திருக்க வேண்டுமானால், வெளியே நல்ல குளிர் இருக்க வேண்டும் போலிருக்கிறது.

நம் பக்கத்தில் குதிரை வாங்குகிறவர்கள் சுழி பார்ப்பார்கள். நெற்றியில் எத்தனை, மார்பில் எந்தப் பக்கம் என்று பார்த்து, யோகம், தோஷம் எல்லாம் சொல்வார்கள். ஸ்காட் பார்த்தது நிறம். அவருக்கு முன்னால் 1908-ல் ஷாக்கிள்டன் என்பவர் மட்டக் குதிரைகளோடு துருவத்துக்குப் புறப்பட்டு, சில நாள் நடைத் தூரம் பாக்கியிருக்கத் திரும்பி வந்தார். அவருடைய குதிரைகளில் கறுப்பெல்லாம் முதலில் செத்துப்போய், வெள்ளைதான் நிலைத்து நின்றதாம். ஆகவே, வெள்ளைக் குதிரையாகப் பார்த்து வாங்கு என்று மியர்ஸுக்கு உத்தரவு. மியர்ஸ் நாய்களில் கரைகண்டவர். குதிரையைப் பற்றித் தெரியாது. தெரியாதவன் கையில் பணமும் கொடுத்து, நிறத்தையும் சொல்லி அனுப்பினால் தரகர்கள் விடுவார்களா? இருபது குதிரைகளைத் தலையில் கட்டிவிட்டார்கள்.

நியூஜிலாந்தில் அவற்றை முதன்முதலாகப் பார்த்த ஓட்ஸுக்கு வயிறு எரிந்தது. இவர் குதிரைப்படையில் காப்டன். போயர் யுத்தத்தில் 1901-ல் தொடையில் குண்டு பட்டவர். இந்தூருக்குப் பக்கத்தில் மௌ என்ற கண்டோன்மெண்டில் இருந்தபோது ஸ்காட்டின் பிரயாணத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, தானும் வருவதாக எழுதிப் போட்டு, செலவுக்கு 1000 பவுனும் கொடுத்து வந்து சேர்ந்தவர். சொந்த ஊரில் நிலபுலன், பெரிய வீடு. அதிகம் பேசமாட்டார். துருவத்து மரவீட்டில் மற்றவர்கள் படுக்கைக்கு மேலே மனைவி, காதலி, தாயார் என்று படம் மாட்டியிருக்க, இவர் மாட்டியது நெப்போலியன் படம். குதிரைக்குப் போடுகிற தானியம் ஒன்றின் பெயரும் இவர் பெயரும் காதுக்கு ஒன்றுதான். கதை எழுதுகிறவன் இப்படிப் பெயர் வைத்தால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார்.

ஓட்ஸ் ஒவ்வொரு குதிரையையும் சோதித்துக் குறிப்பு எழுதினார். விக்டருக்கு மார்பு ஒடுக்கம், நடந்தால் முட்டி தட்டும், கண்ணிலும் கோளாறு. ஸ்னிப்பெட்ஸ் காற்றை உறிஞ்சி விழுங்குகிற கெட்ட பழக்கமுள்ளது, நரம்பிலும் சந்தேகம். ஜேம்ஸ் பிக்குக்குக் குளம்பில் வெடிப்பு. சைனாமனுக்குப் படர்தாமரை; எல்லாவற்றிலும் அதுதான் கிழம் என்று தோன்றுகிறது. ஜெஹுவுக்குப் பொதுவாகவே பலமில்லை. இருக்கிறவற்றில் நாபிதான் தேவலை. அதற்கும் பின்னங்கால் விறைப்பு. இவ்வளவும் போதாதென்று கிட்டத்தட்ட எல்லாக் குதிரைக்கும் ஒரே முத்திரை: வயதானது. ஜெஹு என்பது பைபிளில் வருகிற யெகூ ராஜாவின் பெயர். தேரை வெறிபிடித்தாற்போல் ஓட்டுகிறவன். நிற்கவே திராணியில்லாத குதிரைக்கு அந்தப் பெயர். வெள்ளைக்காரர்களுக்கும் நம்மைப் போலக் குசும்பு உண்டு.

கோபித்துக்கொண்ட மனிதர் அடுத்தபடி செய்த காரியம்தான் எனக்குப் பிடித்திருக்கிறது. தீவனம் போதாது என்று ஸ்காட்டிடம் வாதாடிக் கூட்டி வாங்கினார். அதுவும் போதாது என்று தன் கைப்பணத்தைப் போட்டு மேற்கொண்டு வாங்கி யாருக்கும் தெரியாமல் கப்பலில் ஏற்றினார். குதிரை மட்டம் என்று எழுதினவரே அது பட்டினி கிடக்கக் கூடாது என்று தீவனம் கடத்தினார்.

19 குதிரைகள் கப்பலேறின. 15 முன்பக்கத்துத் தளத்துக்கு அடியில், நாலு மேல்தளத்தில். படுக்க இடமில்லை, ஐந்து வாரத்துக்கு மேல் நின்றபடியே பிரயாணம். 1910 டிசம்பர் ஆரம்பத்தில் புயல் பிடித்துக்கொண்டபோது, கப்பல் சாய்கிற சாய்ப்பில் விழுந்த குதிரைகளை ஓட்ஸ் இராத்திரி முழுவதும் தோள்கொடுத்துத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தார். இரண்டு செத்தன. பாக்கி 17-ம் ஜனவரியில் கரை சேர்ந்ததும் பனியில் விழுந்து புரண்டு, முதுகைத் தேய்த்து, காலை உதைத்துக்கொண்டு ஆனந்தப்பட்டன. பாவம்!

குளிர்கால லாயத்தில் பத்துதானே இருந்தன, மற்ற ஏழு எங்கே என்று வாசகர் கேட்கலாம். ஹாக்கன்ஷ்மிட் என்று ஒரு மல்யுத்த வீரர் அந்த நாளில் பிரசித்தம். முன்னங்காலாலும் பின்னங்காலாலும் உதைத்துச் சண்டை போட்ட ஒரு குதிரைக்கு அவர் பெயரை வைத்தார்கள். அது இன்ன வியாதி என்று தெரியாமலே இளைத்து இறந்தது. ஆறு குதிரைகளைத் தின்றது அந்த வருஷக் கோடையில் நடந்த ஒரு முன்பிரயாணம். துருவத்துக்குப் போகிற வழியில் திரும்பி வரும்போது உதவும்படி ஆகாரமும் எண்ணெயும் புதைத்து வைக்க வேண்டுமென்று எட்டுக் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். குதிரை நடந்தால் உடம்பெல்லாம் வேர்க்கும். வேர்வை அப்படியே பனிக்கட்டியாகும். நாய்க்கு அந்த உபத்திரவமில்லை. குளம்பு புதைந்து குதிரை வயிறு வரை பனியில் இறங்கும். மூங்கில் வளையத்தில் பின்னிய பனிச்செருப்பு இருந்தது. வீரி வில்லி என்ற சோம்பேறிக் குதிரைக்கு அதைக் கட்டிப் பார்த்தபோது மந்திரம் போட்டாற்போல் நடந்தது. ஆனால் அவர்கள் எடுத்து வந்தது ஒரே ஒரு ஜதை! மற்றவை வீட்டில் பத்திரமாக இருந்தன.

80-ஆவது பாகையில் கிடங்கு வைப்பது ஸ்காட்டின் திட்டம். குதிரைகள் தள்ளாடின. தளர்ந்ததைச் சுட்டு மாமிசத்தை அங்கேயே வைத்துவிட்டு, மற்றவற்றை ஓட்டிக்கொண்டு மேலே போகலாம் என்றார் ஓட்ஸ். மிருகங்களைப் படுத்தியது போதும், என் மனசு கேட்கவில்லை என்றார் ஸ்காட். நீங்கள் பின்னால் வருத்தப்படுவீர்கள் என்றாராம் ஓட்ஸ். உடனிருந்த கிரான் என்ற நார்வேக்காரர் சொல்லித் தெரிந்த சம்பாஷணை இது. 1911 பிப்ரவரி 17-ந் தேதி 79 பாகை 29 கலையில் கிடங்கைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். முப்பது கடல்மைலுக்குமேல் குறைவு. அப்படித் திரும்பியும் குதிரைகள் பிழைக்கவில்லை. இரண்டு முன்னாடியே வழியில் விழுந்தன. அப்புறம் வீரி வில்லி. மார்ச் முதல் தேதி கடல் பனி உடைந்து துண்டு துண்டாக மிதக்க, சுற்றிலும் கொலைத் திமிங்கலங்கள் தலை நீட்ட, மூன்று குதிரைகள் போயின. அதில் இரண்டைத் திமிங்கலத்துக்கு விடக் கூடாது என்று ஓட்ஸும் பவர்ஸும் பனி வெட்டுகிற கோடரியால் தங்கள் கையாலேயே கொன்றார்கள். எட்டில் மிஞ்சினவை நாபியும் ஜேம்ஸ் பிக்கும்.

அந்த ஓட்ஸ்தான் குளிர்காலத்து லாயத்துக்குள் நுழைகிறார்.

வீட்டுச் சுவர் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம் தீவனக் கட்டுகளையே அடுக்கி எழுப்பிய சுவர். மேலே சட்டம் போட்டு மூடிய கூரை. கோடியில் அந்த அடுப்பு. விறகு கிடையாது, கடல்நாயின் கொழுப்பைப் போட்டு எரிப்பார்கள். புகையும் நாற்றமும் ஆளை அடிக்கும். ஓட்ஸுக்கு அந்த வீட்டிலேயே சுகமான இடம் அதுதான். காலையில் குதிரைகளுக்கு நறுக்கின புல். மத்தியானம் உலாவி வந்த பிறகு முதலில் பனி—தண்ணீருக்குப் பதில் பனியைத்தான் தின்றாக வேண்டும்—பிறகு நறுக்கின புல்லோடு ஒருநாள் ஓட்ஸ் தானியம், மறுநாள் பிண்ணாக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மறுபடி பனி. அடுப்பிலிருந்து சுடச்சுடத் தவிட்டுக் கூழ், அதில் பிண்ணாக்கோ வேகவைத்த தானியமோ. படுக்கப் போகுமுன் கொஞ்சம் உலர்ந்த புல். பிள்ளைத்தாய்ச்சிக்குப் பத்தியம் பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு ஒழுங்கு இருக்குமா என்று தெரியாது.

இத்தனை செய்தும் ஒன்றாவது மற்றொன்றைப் போல் நடந்துகொள்ளவில்லை. கொள் என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று நாம் சொல்கிறோமே, அது சாமானியக் குதிரையைப் பற்றிய பழமொழி. இங்கே கொள்ளைக் காட்டினால் கயிற்றைத் தின்கிற குதிரைகள். கட்டிய கயிறு, கொள்ளுப் பை, பனி ஒளியில் கண் கூசாமலிருக்க நெற்றியில் தொங்கவிட்ட குஞ்சலம், எதையும் விடுவதில்லை. தன் குஞ்சலம் எட்டாவிட்டால் பக்கத்துக் குதிரையினுடையது. ஸ்னிப்பெட்ஸ் அதற்கும் ஒரு படி மேலே போய்க் கடல்நாயின் கொழுப்பைத் தின்னப் பழகிக்கொண்டது. புல் தின்கிற ஜாதி அசைவத்துக்கு மாறினதை ஸ்காட் ஆச்சரியத்தோடு டைரியில் எழுதி வைத்தார். அது உடம்புக்கு ஒத்துக்கொண்டும் விட்டது.

இராத்திரியில் மரப்பலகையைப் படார் படார் என்று உதைப்பார்கள்—குதிரைகளைத்தான் சொல்கிறேன்; மரியாதைப் பன்மை தானாக வந்துவிட்டது. சுவருக்கு இந்தப் பக்கம் படுத்திருக்கிற விஞ்ஞானிகள் தூக்கிவாரிப்போட்டு எழுந்திருப்பார்கள். உடம்பில் பேன் வந்தபோது ஓட்ஸ் புகையிலையை ஊறப்போட்டு அந்த நீரால் எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவினார்.

தினம் ஒரு தடவை இருட்டில், உறைந்த கடலின்மேல், ஒவ்வொன்றையும் உலாத்திக்கொண்டு வர வேண்டும். நின்றால் கால் மரத்துவிடும். சும்மா இருந்தால் புத்தி கெட்டுவிடும். எங்கோ நாய் குரைத்தால் போதும், குதிரை பிய்த்துக்கொண்டு ஓடும். பயம் பாதி, பாசாங்கு பாதி. ஆண்டன் என்று ஒரு ரஷ்யக் குதிரைக்காரன், குள்ளமான ஆள், பந்தயக் குதிரை ஓட்டியவன். மியர்ஸோடு மஞ்சூரியாவிலிருந்து வந்தவன். குதிரைக்கு அஞ்சாதவன் இருட்டுக்கு அஞ்சினான். கரையோரத்துப் பனிவிரிசலில் கடல் நீர் மின்னுவதைப் பிசாசு என்று எண்ணி, தன்னிடமிருந்த அருமைப் பொருளான சிகரெட்டை அங்கே காணிக்கையாக வைத்துவிட்டு வருவானாம். ஊர் எல்லை முனிக்குச் சுருட்டு வைக்கிற நமக்கு இது புரியும்.

குளிர்காலத்தில் பொழுது போக ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த விஷயத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்வது என்று ஏற்பாடு. ஓட்ஸ் குதிரைப் பராமரிப்பைப் பற்றிப் பேசினார். பேசவே தெரியாது என்று எல்லாரும் எண்ணியிருந்த மனிதர், சண்டிக் குதிரையைப் பற்றி ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டார். பெரிய வீட்டு விருந்துக்குத் தாமதமாக வந்த ஒரு பெண், வண்டிக் குதிரை நகரவே மாட்டேன் என்றுவிட்டது என்று மன்னிப்புக் கேட்கிறாள். சண்டிக் குதிரையோ என்று விருந்து வைத்த அம்மாள் அனுதாபத்தோடு விசாரிக்கிறாள். இல்லை அம்மா, அதற்கு வேறு பெயர் என்று சொல்லி, வண்டிக்காரன் வழியெல்லாம் குதிரையைத் திட்டிய திட்டை அந்தப் பெண் வெள்ளை மனதோடு அப்படியே திருப்பிச் சொல்கிறாள். அந்த வார்த்தையை அச்சில் போட முடியாது. ஜட்கா வண்டி ஓடின நாட்களில் நம் ஊரில் வளர்ந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒன்றைப் போட்டு நிரப்பிக்கொள்ளலாம்.

ஜூலை மாதம் நடுவில் ஒருநாள் போன்ஸ் என்ற குதிரை தீனி வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதற்குப் பொறுப்பாளி க்ரீன் என்ற ஐரிஷ் மாலுமி. குதிரைக்கு வயிற்றில் வலி வந்து வந்து வாங்கியது. விழும், எழுந்திருக்கும், தலையைத் திருப்பித் தன் வயிற்றையே பார்க்கும். ஓட்ஸும் க்ரீனும் விலகவில்லை. அபின் மாத்திரை கொடுத்தார்கள். சாக்கைச் சூடுகாட்டி வயிற்றில் ஒற்றடம் போட்டார்கள். ஸ்காட் தூக்கம் வராமல் லாயத்துக்கும் வீட்டுக்குமாக நடந்தார். ஒரு குதிரை போனால் துருவக் கணக்கில் ஒரு துண்டு விழும் என்ற கவலை அவருக்கு. நள்ளிரவு வாக்கில் போன்ஸுக்கு வலி தணிந்தது. அரைகுறையாகச் செரித்த புல் உருண்டை, அதில் நாடாப்புழு: அதுதான் காரணமென்று பிறகு தெரிந்தது.

கிறிஸ்டபரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. பத்திலும் படுபாவி அது. மற்றவர்கள் ஆளுக்கு ஒரு குதிரை எடுத்துக்கொண்டபோது இதை ஓட்ஸ் தனக்கு வைத்துக்கொண்டார். பொல்லாததை வேறு யாரிடம் கொடுப்பது? கடிக்கும், உதைக்கும், சறுக்குவண்டியைக் கண்டாலே ஆகாது. ஒரு முன்னங்காலை மடித்துக் கட்டி, கீழே தள்ளி, நாலு பேர் அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் பூட்ட முடியும். அப்போதும் மூன்று காலில் ஓடப் பார்க்கும். பூட்டிய பிறகு நிறுத்தக் கூடாது. நின்றால் மறுபடி முதலிலிருந்து வரும் இந்தக் குஸ்தி. ஆகவே துருவப் பாதையில் கிறிஸ்டபரோடு போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு நிற்காமலே நடந்தார்கள். இத்தனைக்கும் ஓட்ஸ் ஒருநாளாவது நிதானம் இழக்கவில்லை என்று ஸ்காட் வியந்து எழுதியிருக்கிறார்.

இவ்வளவு பணிவிடையும் எதற்கு என்பது ஓட்ஸுக்கு முதல் நாளே தெரியும். இந்தப் பத்தில் ஒன்றுகூடத் திரும்பி வரப்போவதில்லை. பனிமலை அடிவாரம் வரை சுமை இழுக்க வேண்டும். சுமை குறையக் குறைய ஒவ்வொன்றாகச் சுட்டு, நாய்க்கும் மனிதனுக்கும் மாமிசமாக்க வேண்டும். அதுதான் திட்டம். கசாப்புக்கு வளர்க்கிறவர்கள் உலகமெங்கும் உண்டு. அவர்கள் ஆட்டுக்கு ஒற்றடம் போட்டு இராத்திரி கண் விழிப்பதில்லை. அன்பா, கடமையா, குதிரைப்படைக்காரனின் தொழில் கர்வமா? மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. ஓட்ஸைக் கேட்டிருந்தால் பதில் சொல்லாமல் அடுப்பைக் கிளறியிருப்பார்.

1911 நவம்பர் 1-ந் தேதி ஸ்காட் புறப்பட்டார். நார்வேக்காரரான அமுண்ட்ஸென் நாய்களை ஓட்டிக்கொண்டு அக்டோபர் மூன்றாவது வாரமே கிளம்பிவிட்டார். குதிரை அந்தக் குளிரைத் தாங்காது என்று இவர்கள் காத்திருந்தார்கள். நடையில் கடைசிப் பட்டாளமாக வந்த ஜெஹு, சைனாமன், ஜேம்ஸ் பிக் மூன்றுக்கும் ‘பால்டிக் கப்பற்படை’ என்று கேலிப் பெயர்; ஜப்பானோடு யுத்தம் செய்ய ஊர்ந்து ஊர்ந்து வந்த ரஷ்யக் கப்பற்படையை நினைத்து வைத்தது. நாலு நாள் தாங்காது என்றிருந்த ஜெஹு நவம்பர் 24 வரை நடந்தது. 28-ந் தேதி சைனாமன். டிசம்பர் 1-ந் தேதி கிறிஸ்டபர். ஓட்ஸ் சுடும் நிமிஷத்தில் அது தலையைச் சிலுப்பிவிட்டது. குண்டைத் தலையில் வாங்கிக்கொண்டு கூடாரங்களுக்கு நடுவே ஓடிவந்தது. ஒரே குண்டில் அடங்காமல் போனது அது ஒன்றுதான். டிசம்பர் 9-ந் தேதி மிச்சமிருந்த ஐந்தையும் முடித்தார்கள். டாக்டர் வில்ஸன் தன் பங்கு பிஸ்கோத்துகளை எல்லாம் நாபிக்குக் கொடுத்துவிட்டார். லாயத்தின் வேலை அன்றோடு முடிந்தது.

மறுவருஷம் ஜனவரியில் துருவத்தில் அமுண்ட்ஸென் கொடியைப் பார்த்ததும், திரும்புகிற வழியில் பட்டதும் எல்லாருக்கும் தெரிந்தவை. ஓட்ஸின் பாதங்கள் அழுகின. மற்றவர்களின் நடை அவரால் தடைப்பட்டது. அபின் மாத்திரை மறுபடி வருகிறது. மார்ச் 11-ந் தேதி ஸ்காட் மருந்துப் பெட்டியைத் திறக்கச் சொல்லி, ஆளுக்கு 30 மாத்திரை கொடுக்க வைத்தார். நடக்க முடியாததை என்ன செய்ய வேண்டும் என்று ஓராண்டுக்கு முன்னால் சொன்னவர் ஓட்ஸ். என்னை உறக்கப் பையோடு இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள் என்றார், தோழர்கள் சம்மதிக்கவில்லை. மார்ச் 16-ந் தேதியோ 17-ந் தேதியோ—ஸ்காட்டுக்கே தேதி குழம்பிவிட்டது—காலையில் அவர் எழுந்து பனிப்புயலுக்குள் போனார். எல்லாப் புத்தகத்திலும் வருகிற அந்த ஒரு வாக்கியத்தை நான் இங்கே எழுதவில்லை. 17-ந் தேதி அவருடைய 32-ஆவது பிறந்தநாள்.

மற்ற மூவரும் அந்தக் கிடங்குக்கு 11 மைல் வரை வந்து ஓய்ந்தார்கள். அன்று ஓட்ஸ் சொன்னபடி கிடங்கை 80-ஆவது பாகையில் போட்டிருந்தால் அவர்கள் கைக்கு எட்டியிருக்குமே என்று கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கு சரிதான். ஆனாலும் தள்ளாடுகிற மிருகத்தைப் பார்த்து ஒரு மனிதன் போதும் என்று சொன்னதைக் குற்றப் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அவனே அந்த மிருகங்களை அங்கே கொண்டுவந்தவன் என்பதைச் சேர்க்கலாம்.

குதிரைக்குப் பதில் இமயமலைப் பாதையில் பழகிய கோவேறு கழுதைகள் தேவலை என்று ஓட்ஸ் முன்பே யோசனை சொல்லியிருந்தார். 1912-ல் கப்பல் திரும்பி வந்தபோது இந்திய சர்க்கார் அனுப்பிய ஏழு கழுதைகள் வந்து இறங்கின. குலாப், பேகம், ராணி, பியாரி, அப்துல்லா, லால் கான், கான் சாகிப் என்று பெயர்கள். அந்தக் குளிர்காலத்தில் லாயம் மறுபடி நிறைந்தது. இவையும் வைத்த தீனியை விட்டுவிட்டுத் தேயிலைச் சக்கை, புகையிலைச் சாம்பல், கயிறு என்று தின்றன. கேட்டு வாங்கினவர்தான் பார்க்க இல்லை.

அக்டோபர் கடைசியில் அந்தக் கழுதைகளோடு தேடப் போன கோஷ்டி நவம்பர் 12-ந் தேதி கூடாரத்தைக் கண்டது. மூவரையும் அங்கேயே பனியில் அடக்கம் செய்துவிட்டு, ஓட்ஸின் உடலைத் தேடி இன்னும் தெற்கே நடந்தார்கள். இரண்டாம் நாள், முந்தைய வருஷம் குதிரைகளுக்குக் காற்றுப் படாமலிருக்க ஒவ்வொரு முகாமிலும் எழுப்பிய பனிச்சுவர்களில் ஒன்று தென்பட்டது. உடல் கிடைக்கவில்லை. அந்தச் சுவரின்மேல் ஓட்ஸின் உறக்கப் பை கிடந்தது.